குண்டு பல்பில் பிளாஸ்மா குளோப்: ஹை வோல்டேஜை எதிலிருந்து எடுப்பது?

திருநகர் வீட்டு மாடியில் பிளாஸ்மா குளோப் (ஹை வோல்டேஜ் கொடுத்தால் கண்ணாடிக்குள் மின்னல் போல ஒளி இழைகள் ஓடும் விளக்கு) வேலை ஓரளவு கைகூடி வந்துவிட்டது. பல்பும் மரப்பீடமும் சின்ன வேலைதான், அதிக நேரம் போனது பவர் சப்ளையைத் தேர்ந்தெடுப்பதில். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எத்தனை ஆயிரம் வோல்ட் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், அந்த வோல்டேஜுக்குப் பின்னால் எவ்வளவு கரண்ட் வரும், வீட்டு 230 வோல்ட் லைனோடு அதற்குத் தொடர்பு இருக்கிறதா என்பது. மைக்ரோவேவ் ஓவன் ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் 2,000 வோல்ட்தானே என்று தோன்றும், ஆனால் அரை ஆம்பியர் வரை தள்ளக்கூடியது. நம் வீட்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே ட்ரிப் ஆகும்படி வைத்திருக்கிறார்கள், உயிர் போவதற்கு அதற்கு மேல் அதிகம் தேவையில்லை என்பதால்தான். அந்த ஆர்.சி.சி.பி.யும் இங்கே காப்பாற்றாது. ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி பக்கம், அதாவது ஹை வோல்டேஜ் வெளியே வரும் சுருளில், நடப்பது அதற்குத் தெரியவே தெரியாது. பழைய இரும்புக் கடையில் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். விளம்பரப் பலகைகளிலிருந்து கழற்றிய பழைய நியான் ட்ரான்ஸ்ஃபார்மரும் 15,000 வோல்ட், 30 மில்லிஆம்பியர் என்று வரும், அதுவும் வேண்டாம்.

இந்த இரண்டும் 50 ஹெர்ட்ஸ், குளோபுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. பல்பின் கண்ணாடி ஒரு கப்பாசிட்டர் போல வேலை செய்கிறது, உள்ளே இருக்கும் வாயு ஒரு தகடு, வெளியே நம் விரல் இன்னொரு தகடு. 10 பிகோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 50 ஹெர்ட்ஸில் அதன் தடை 30 கோடி ஓமுக்கு மேல், 30 கிலோஹெர்ட்ஸில் சுமார் 5 லட்சம் ஓம்தான். அதனால்தான் டெஸ்லா 1894-ல் காப்புரிமை பெற்ற விளக்கும் அதிக அதிர்வெண்ணில் இயங்கியது. கொசு பேட் சர்க்யூட்டும் இதே காரணத்தால் உதவாது, அதில் டயோடும் கப்பாசிட்டரும் சேர்ந்து டிசியாக்கிவிடுகின்றன, டிசி கண்ணாடியைத் தாண்டிப் போகாது.

அப்புறம் மிஞ்சியது டிவி ஃப்ளைபேக், பழைய டிவியின் பிக்சர் டியூபுக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர், நம்மூர் மெக்கானிக்குகள் ஈ.எச்.டி. என்று சொல்வது. 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த 14 இன்ச் பெட்டிகள் இப்போது பழைய சாமான்களோடு கிடக்கின்றன, அதில் ஒன்றைக் கழற்றலாமா என்று பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக்கிடம் கேட்டேன். "கலர் செட்டுன்னா டயோடு உள்ளயே இருக்கும் தம்பி, உனக்கு ஏசி வேணும்னா ரொம்பப் பழைய பிளாக் அண்ட் ஒயிட் செட்டுல பாரு" என்று சொல்லி, தானே ஒன்றைத் தேடி எடுத்தும் கொடுத்தார். பிக்சர் டியூப் அணைத்த பிறகும் சார்ஜை வைத்திருக்கும், அதை டிஸ்சார்ஜ் செய்யாமல் ஆனோடு தொப்பியில் (டியூபில் ஹை வோல்டேஜ் வயர் சேரும் இடத்து ரப்பர் மூடி) கை வைக்கக் கூடாது. அந்த வேலையை மெக்கானிக் அண்ணனையே செய்யச் சொல்லி, எட்டி நின்று பார்த்துக்கொண்டேன்.

ஃப்ளைபேக்கை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டுக்கு, துடிப்புகளை உண்டாக்கும் 555 ஐசியும் அந்தத் துடிப்புக்கு ஏற்ப கரண்டைத் திறந்து மூடும் ஐஆர்எஃப் 540 மாஸ்ஃபெட்டும் டவுன்ஹால் ரோட்டில் வாங்கினேன். இசட்.வி.எஸ். என்ற வகைப் பெரிய டிரைவர்கள் 100 வாட்டைக்கூடத் தாண்டும், மேசை மேல் வைக்கும் குளோபுக்கு அவ்வளவு சக்தி எதற்கு? ஃப்ளைபேக்கின் ஃபெரைட் கோரின் (நடுவில் இருக்கும் கறுப்புக் காந்தக் கட்டை) வெளிக்காலில் புதிதாகச் சில சுற்று பிரைமரி, அதாவது கரண்ட் உள்ளே போகும் சுருள், சுற்றி, யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரியில் ஓட்டுகிறேன். அடாப்டர் வைக்கலாம்தான், ஆனால் மலிவான அடாப்டருக்குள் லைனுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே இன்சுலேஷன் எப்படி இருக்கும் என்று யார் பார்த்தது? பேட்டரி என்றால் அந்தச் சந்தேகமே இல்லை. பேட்டரியும் ஷார்ட் ஆனால் வயரை உருக்கிவிடும், அதனால் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ் போட்டிருக்கிறேன். செகண்டரியின் கீழ்முனை, மண்ணில் தனியாக அடித்த எர்த் கம்பிக்குப் போகிறது.

அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால், கீச்சென்ற சத்தம் காதைவிட்டு மறைந்த பிறகு ஊதா நிற இழைகள் நன்றாகப் பிடிக்கின்றன. சாதா பல்பில் ஆர்கானும் நைட்ரஜனும் இருப்பதால் இந்த நிறம். குறைந்த வாட் பல்புகள் சிலவற்றில் வாயுவே இல்லாமல் வெற்றிடமாக இருக்கும், ஹை வோல்டேஜில் அதிலிருந்து எக்ஸ்ரே வரவும் வாய்ப்பு உண்டு என்பதால் அவற்றைத் தொடவில்லை.

இவ்வளவு அதிர்வெண்ணில் ஷாக் உறைப்பது குறைவு, அதை நம்பி ஏமாறக் கூடாது, தோல் சுட்டுப்போகும். கண்ணாடி மேல் காசோ மோதிரமோ படக் கூடாது, பொறி ஒரே இடத்தில் விழுந்து சூடேறினால் பல்பு விரிசல் விடும், விரிசல் விட்ட பல்பில் கை நேரடியாக ஹை வோல்டேஜில் படும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது. ஓசோன் வாடை வருவதால் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

அடுத்து பல்பின் மேல் ஒரு அக்ரிலிக் கூடு, அதைத் தூக்கினால் பேட்டரி இணைப்பு துண்டிக்கிற மாதிரி ஒரு மைக்ரோ ஸ்விட்ச். அது முடியும்வரை வீட்டுப் பிள்ளைகளுக்கு மாடியில் அனுமதி கிடையாது.