சிப்பாய் இறங்கியது: வளவுச் சதுரங்கம், 40ஆம் நாள்

எங்கள் வளவின் (முற்றத்தைச் சுற்றிய கூடம்) தரையையே பலகையாக்கி, நாய்களுக்குச் சதுரங்கம் பழக்குகிறேன். நேற்றுச் சாயங்காலம் எங்கள் நாய் செவலை, ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைக் கவ்வி, இரண்டு கட்டம் தள்ளி வைத்தது. 40 நாளில் முறைப்படி நடந்த ஒரே நகர்த்தல். எப்படி நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். சொல்லிவிடுகிறேன்.

கவ்வுவது முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. வைப்பதுதான் வரவில்லை. காய்கள் எல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய கட்டில் கால்களை அறுத்துக் கடைசல் பிடித்தவை. குதறாமல் இருக்கட்டும் என்று வேப்பெண்ணெய் தடவினேன். குதறவில்லை, கவ்வவும் இல்லை. சரி என்று காய்களின் கழுத்தில் துணி சுற்றினேன். கைக்கு அகப்பட்டது அப்பத்தாவின் கிழிந்த கண்டாங்கிச் சேலை. அங்கேதான் சனி பிடித்தது. செவலை சிப்பாயோடு எட்டு வரிசையையும் தாண்டிப் போய், பட்டாலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் அப்பத்தா மடியில் போடும். "விடு" என்றால் வாலை ஆட்டும். அவித்த ஈரலைக் காட்டினால் நின்ற இடத்திலேயே வாயைத் திறக்கும். காய் உருண்டு முற்றத்தில் விழும்.

கடைசியில் அப்பத்தாவையே ஐந்தாம் வரிசையில் மணை போட்டு உட்கார வைத்தேன். நாலாம் வரிசையில், அவர் கால் விரலை ஒட்டி, சிப்பாய் அழகாக இறங்கியது.

"ஏப்பா, நாய்க்குத்தான் வேலையில்ல, எனக்குமா இல்ல?"

அடுத்தது குதிரை. அதற்கு அப்பத்தா இடம் மாற வேண்டும். முழங்கால் வலி என்கிறார்.

எதிராளி ஒரு சிப்பிப்பாறை வேட்டை நாய். முயல் விரட்டிய வம்சம், காயைத் திரும்பியும் பார்க்காது. அப்பத்தா எழுந்ததுதான் தாமதம், நடுக்கட்டம் நாலையும் அடைத்து நீட்டிப் படுத்துவிட்டது. நடுவைப் பிடி என்று சதுரங்க வாத்தியார்கள் சொல்வதை இவ்வளவு நேராக எடுத்துக்கொண்டவர் யாரும் இல்லை.

இன்னொன்று. வளவுத் தரை சிவப்பும் பச்சையுமான ஆத்தங்குடிக் கல். நாய்க் கண்ணுக்கு அந்த இரண்டும் சரியாகப் பிரியாது, நீலமும் மஞ்சளும்தான் தெளிவு என்று போன வாரம்தான் படித்தேன். ஆத்தங்குடியில் எட்டங்குலத்தில் 64 கல் சொல்லியிருக்கிறேன். விரித்தால் ஐந்தடி நாலங்குலம். கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, காய்ந்து வரவேண்டும். அதுவரை குதிரைத் தலை செதுக்கலாம். 2022 மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட்டின் குதிரைச் சின்னம் 'தம்பி' மாதிரி வேட்டி கட்டிவிடவும் ஆசை. துணி மட்டும் இந்த முறை கடையில் புதிதாக வாங்குவேன்.