கூடவே சுழன்ற அச்சாணி: ஒரு மடக்குக் கத்தியை மீட்ட அனுபவம்

மடக்குக் கத்தியின் அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில் இருக்கிற அச்சாணித் திருகைப் பலரும் மற்றத் திருகுகளோடு ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். கைப்பிடியில் இருக்கும் சிறு திருகுகளின் வேலை இறுக்கிப் பிடிப்பது. அச்சாணித் திருகின் வேலை, அலகுக்கும் வாஷருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று நிர்ணயிப்பது. அதை முழுவதும் முறுக்கினால் பெரும்பாலான கத்திகளில் அலகு அசையாது. அரைகுறை இறுக்கத்திலேயே நிற்க வேண்டிய திருகு என்பதால், அது தானாகத் தளராமலிருக்க மரையில் பூட்டுத் திரவம் (மரைகளை ஒட்டிப் பிடிக்கும் பசை) இட்டுத்தான் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். சுத்தம் செய்யக் கழற்றும்போது கத்தி கெட்டுப்போவதற்கு இந்தத் திரவம்தான் பெரும்பாலும் காரணம். கைவலிமையால் மட்டும் அதை வெல்லப் பார்ப்பது சரியல்ல. சூடு காட்டினால் தானாக இளகிவிடும்.

என் சித்தி மகன் கொண்டுவந்த கத்தி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மரம் செதுக்கப் பயன்படுத்திய கத்தி. தூளும் பிசினும் உள்ளே போய், திறக்கும்போது நறநறத்தது. கழற்றித் துடைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறான். கைப்பிடித் திருகுகள் எளிதாக வந்துவிட்டன. அச்சாணி வரவில்லை. அழுத்திப் பிடித்து முறுக்கியதில் திருகின் தலை வழுக்கியதோடு, வாஷரை நெம்பி எடுக்கப் பார்த்ததில் அதுவும் வளைந்துவிட்டது.

“அண்ணா, திருகு சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனால் வெளியே வரவில்லை. மரை போய்விட்டதா?” என்று கேட்டான்.

மரை போகவில்லை. அச்சாணி என்பது இரண்டு துண்டு. உள்மரை வெட்டிய குழல் ஒன்று, அதற்குள் மறுபக்கத்திலிருந்து இறங்கும் திருகு ஒன்று. குழல் தன்னிடத்தில் சுழலாமல் இருக்க, அதன் ஒரு பக்கத்தைத் தட்டையாக வெட்டி, கைப்பிடித் தகட்டில் அதே வடிவத் துளையில் உட்கார வைக்கிறார்கள். பூட்டுத் திரவம் இரண்டையும் ஒட்டிவைத்திருக்கும் நிலையில் திருகை முறுக்கினால், முழு விசையும் அந்தத் தட்டைப் பக்கத்தின் முனைக்குப் போகிறது. முனை மழுங்கியதும் குழலும் திருகோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். இங்கே நடந்தது அதுதான்.

தலை வழுக்கியதற்குக் காரணம் வேறு. இந்தத் தலைகளில் இருக்கும் ஆறுமுனை நட்சத்திரக் குழி டார்க்ஸ் வகை. நாற்சந்தி வடிவக் குழியைப் போலத் திருப்புளியை இது மேலே தள்ளாது. சரியான அளவுத் திருப்புளி முனை முழுவதும் உள்ளே இறங்கியிருந்தால் வழுக்குவது அரிது. டி8 குழிக்கு டி7 முனையைப் போட்டிருக்கிறான். டி8இன் குறுக்களவு 2.31 மி.மீ., டி7இன் குறுக்களவு 1.99 மி.மீ. கண்ணுக்குப் பொருந்துவது போலவே இருக்கும், கொஞ்சம் திரும்பவும் செய்யும். ஆனால் விசை முழுவதும் ஆறு முனைகளின் நுனியில் மட்டும் விழுந்து அவற்றைச் சீவிவிடும். குழியில் சேர்ந்த அழுக்கும் இதே கேட்டைச் செய்யும். முனையைச் செருகும் முன் குழியை ஊசியால் தோண்டிச் சுத்தம் செய்வதை நான் விடுவதே இல்லை.

முதலில் அலகின் கூர்ப்பக்கத்தைத் தடித்த துணி ஒட்டுநாடாவால் பல சுற்றுச் சுற்றினேன். இதைச் செய்யாமல் யாரும் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள். திருப்புளி நழுவும் கணத்தில் கை எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கைப்பிடியைப் பக்கவாட்டில் அழுத்தி, அலகு குழலை நெருக்கிப் பிடிக்கும்படி செய்துகொண்டு திருகைத் திருப்பிப் பார்ப்பது எளிய உபாயம். பல கத்திகளில் அந்த உராய்வே போதும். இதில் குழல் அப்போதும் சுழன்றது. நல்லவேளையாகக் குழலின் வெளித்தலை கைப்பிடிக்கு மேலே சற்றுத் துருத்திக்கொண்டிருந்தது. நகை வேலைக்கான மெல்லிய ரம்பத்தால் அதில் குறுக்கே அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல் வெட்டினேன். இனி ஒரு தட்டைத் திருப்புளியால் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம். வெட்டும் முன் சுற்றிலும் ஒட்டுநாடா ஒட்டியிருந்தேன். இரும்புத் தூள் உள்ளே விழுந்தால் மரத்தூளைவிட மோசம்.

தேய்ந்த குழிக்கு ஓர் அளவு பெரிய முனை உதவும். கத்தியைக் கெட்டி மரக்கட்டையின் மேல் வைத்து, 2.50 மி.மீ. அளவுள்ள டி9 முனையைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கினேன். பிறகு சாலிடரிங் அயர்னை 350 டிகிரிக்கு வைத்து அந்த முனையின் தண்டைத் தொட்டபடி பிடித்தேன். சூடு முனை வழியாகத் திருகுக்குப் போகும். நடுத்தர வலுவுள்ள நீலநிறப் பூட்டுத் திரவம் ஏறத்தாழ 250 டிகிரி சூட்டில் பிடி விட்டுவிடும். தீச்சுடரைக் காட்டுவது வேண்டவே வேண்டாம். அலகின் பதம் இறங்கிப்போகும், கைப்பிடி ஜி10 போன்ற இழைப் பலகையாக இருந்தால் கருகும். சூடு திருகோடு நிற்க வேண்டும். ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கம் மெதுவாகத் திருப்பினேன். முதலில் ரப்பர் போல ஒரு இழுவை, அதன்பின் ஒரே சீராகக் கழன்று வந்துவிட்டது. மரைப் பள்ளங்களில் நீலத் துகள் அடைந்துகிடந்தது. அதைப் பார்த்ததும் தம்பிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பழைய திருகு இனி உதவாது. மாற்று அச்சாணி கிடைக்குமா என்று தயாரிப்பாளரிடம் கேட்டோம். அந்த மாதிரியை நிறுத்திவிட்டதாகப் பதில் வந்தது. வேறு திருகு தேட வேண்டும் என்றால் மரையைச் சரியாக அளந்தாக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். எம்3 திருகின் வெளிவிட்டம் 3 மி.மீ., மரைக்கு மரை தூரம் 0.5 மி.மீ. இதற்குப் பக்கத்திலேயே 4-40 என்ற அங்குல அளவு ஒன்று உண்டு: விட்டம் 2.84 மி.மீ., மரை தூரம் 0.635 மி.மீ. ஒன்றை மற்றொன்றின் குழலில் போட்டால் ஒன்றிரண்டு சுற்றுப் போய் இறுகும். அங்கே பலம் காட்டினால் நல்ல குழலும் பாழ். காலிப்பரில் விட்டம் பார்த்தேன். பிறகு 4 மி.மீ. நீளத்தில் எட்டு மரைகளை எண்ணினேன். எம்3தான்.

அரைவட்டத் தலையும் டி10 குழியும் உள்ள துருப்பிடிக்காத எம்3 திருகைத் தேர்ந்தெடுத்தேன். பழையதைவிடப் பெரிய குழி என்பதால் இனி எளிதில் வழுக்காது. நீளம்தான் அதிகம். அடிப்பக்கம் மூடிய குழலில் நீளமான திருகு முதலில் தரையைத் தட்டி நின்றுவிடும். கை இறுகியதாக உணரும், அலகோ ஆடிக்கொண்டிருக்கும். குறைக்கத்தான் வேண்டும். வெட்டும் முன் ஒரு நட்டைத் திருகில் ஏற்றிவைத்தேன். வெட்டி, அரத்தால் முனையைச் சரிவாக ராவியபின் நட்டைக் கழற்றினால், கசங்கிய முதல் மரையை அது வெளியே வரும்போதே நேராக்கிக்கொடுத்துவிடும்.

குழலின் மேற்பரப்பில் சுழன்ற தடம் பிசிறாக நின்றது. 1000 எண் நீர்த்தாளால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பிசிறை மட்டும் எடுத்தேன். பளபளப்பாக்கும் ஆசையில் குழலைத் தேய்த்து விட்டம் குறைத்துவிட்டால் அலகு மேலும் கீழுமாக ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தைத் திருகை முறுக்கிச் சரிசெய்யலாம். மேல்கீழ் ஆட்டத்துக்கு அது மருந்தல்ல. புதுக் குழல்தான் வேண்டும். வளைந்த பாஸ்பர் வெண்கல வாஷரைக் கண்ணாடிப் பலகையின் மேல் விரலால் அழுத்தி நிமிர்த்தி, அதே நீர்த்தாளில் சில முறை உரசினேன். மேட்டில் மட்டும் பளபளப்புத் தெரிந்தது. அது பரப்பு முழுவதும் பரவும் வரை உரசி நிறுத்தினேன்.

எண்ணெயும் பூட்டுத் திரவமும் ஒன்றுக்கொன்று பகை. மரையில் எண்ணெய்ப் பசை இருந்தால் திரவம் சரியாகப் பிடிக்காது; திரவம் வாஷருக்குள் கசிந்தால் அலகு ஒட்டிக்கொள்ளும். மரைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி உலரவிட்டேன். வாஷர்களுக்கு ஆளுக்கொரு துளி எண்ணெய், திறந்த அலகு மடங்காமல் தடுக்கும் பூட்டும் தகட்டிலுள்ள சிறு குண்டு உரசும் பாதையில் ஒரு துளி. முதல் முறை திரவம் இல்லாமலே பூட்டிப் பார்த்தேன். அலகு ஒரு பக்கம் சாய்ந்து கைப்பிடித் தகட்டை உரசியது. கைப்பிடித் திருகுகளைத் தளர்த்தி, அலகை நடுவில் நிறுத்திக்கொண்டு மறுபடி மாற்றி மாற்றி இறுக்கியதும் நேரானது.

அதன்பின் அச்சாணித் திருகை வெளியே எடுத்து, குழலின் உள்மரையில் பல்குச்சி நுனியால் ஊதாநிற, குறைந்த வலுவுள்ள பூட்டுத் திரவத்தை மிகச் சிறிதளவு தடவினேன். திருகின் மேல் தடவினால் மிகுதி தலைப்பக்கம் ஒதுங்கி வாஷருக்குப் போகும் என்பதால் உள்ளே தடவுவதே எனக்குப் பிடித்த முறை. திருகை அலகு திணறும் வரை இறுக்கி, எட்டில் ஒரு சுற்று பின்னோக்கித் திருப்பித் தளர்த்தினேன். 0.5 மி.மீ. மரையில் அது 0.06 மி.மீ. அசைவு, ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. அந்த அளவில்தான் கத்தி ஆடுவதும் ஆடாததும் இருக்கிறது. இறுக்கும்போதெல்லாம் மறுபக்கக் கீறலைத் தட்டைத் திருப்புளி பிடித்திருந்தது.

திறந்து, பூட்டும் தகடு அலகின் அடியில் முழுவதும் வந்து அமர்கிறதா என்று பார்த்தேன். அலகின் முதுகைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன்; தகடு நகரவில்லை. இந்தச் சோதனைக்கு முதுகை மேசையில் அடித்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை, பூட்டு கெடுவதற்கு அதுவே போதும். இந்தத் திரவம் காற்றில்லாமல் உலோகத்தைத் தொட்டு இறுகும் வகை. 24 மணி நேரம் தொடாமல் வைக்கச் சொன்னேன்.

கீறலை ராவிச் சமமாக்கிவிடலாமா என்று தம்பி கேட்டான். கூடாது என்றேன். குழலின் தட்டைப் பக்கம் மழுங்கியதுதானே, அடுத்த முறை கழற்ற அந்தக் கீறல்தான் பிடி. அதோடு, நறநறப்பு வந்தால் உடனே கழற்றத் தேவையில்லை. வெதுவெதுப்பான சோப்பு நீரில் திறந்து மூடி அலசி, ஈரம் போக நன்றாக உலர்த்தி, அச்சாணி அருகே ஒரு துளி எண்ணெய் விட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிசின் மட்டும் தண்ணீருக்கு மசியாது. அதற்கு ஆல்கஹாலில் நனைத்த துணி.