ரிப்போர்ட் யாருடைய போனுக்குப் போனது?

மதுரையில் நாங்கள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறோம். அப்பா தொடங்கியது. இப்போது இரண்டு கிளைகள், பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டமெல்லாம் பெரிய ஐடி கம்பெனிகளின் கவலை என்றுதான் நானும் இருந்தேன், ஒரு பெண் கவுன்டரில் வந்து நிற்கும் வரை.

"என் ரிப்போர்ட்ட எங்கண்ணனுக்கு யாருங்க அனுப்பச் சொன்னது?"

சத்தம் போடவில்லை. குரல் மட்டும் நடுங்கியது. என்ன பரிசோதனை, என்ன முடிவு என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பல வருடங்களுக்கு முன் அந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து அண்ணனின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். பெயரைத் தட்டியதும் பழைய பதிவு வந்திருக்கிறது. ரிப்போர்ட் அந்த எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் போய்விட்டது. பரிசோதனையில் ஒரு பிழையும் இல்லை. பெயர் சரி, வயது சரி, முடிவு சரி. எந்த எண்ணுக்கு அனுப்பட்டும் என்று ஒரு வார்த்தை நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டேன். அதை வைத்துக்கொண்டு அவர் வீட்டில் என்ன செய்ய முடியும்?

அன்று இரவு சட்டத்தை எடுத்துப் படித்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில். எங்களைப் போன்றவர்கள் செய்ய வேண்டிய முக்கியமான காரியங்களுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. "அதான் டைம் இருக்கே, மெதுவா பாத்துக்கலாம்" என்றார் ஆடிட்டர். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த நாளே ஆரம்பித்தோம்.

முதல் வேலை, நோயாளிகளின் விவரம் எங்கெங்கே கிடக்கிறது என்று கணக்கெடுப்பது. ஒரு நாளில் முடியும் என்று நினைத்தேன், மூன்று வாரம் ஆனது. பில்லிங் சாஃப்ட்வேர், ரிசப்ஷன் போன், வீட்டுக்குப் போய் ரத்தம் எடுப்பவர்களின் சொந்த போன், முகவரிகள் உள்ள எக்ஸெல் ஷீட், பேக்கப் எடுத்த பென்டிரைவ், சிறப்புப் பரிசோதனைகளுக்கு மாதிரி அனுப்பும் சென்னை லேபின் போர்ட்டல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது.

அதில் என்னை உட்கார வைத்தது ரிசப்ஷன் போன்தான். டாக்டர் சீட்டைப் படம் பிடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். கேலரியில் ஆயிரக்கணக்கில் படங்கள், ஒவ்வொன்றிலும் ஒருவருடைய பெயரும் நோயும். படங்கள் வேறு எங்காவது சேமிப்பாகின்றனவா என்று செட்டிங்கைத் திறந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன பெண்ணின் ஜிமெயில் கணக்கு அப்படியே இருந்தது. அன்று காலையில் எடுத்த சீட்டு வரை எல்லாம் அவள் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தது.

கூப்பிட்டுச் சொன்னதும் அவளே பதறி ஓடி வந்தாள். "அக்கா, ஸ்டோரேஜ் ஃபுல்லு ஃபுல்லுனு எனக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. இதுதானா அது?" அவள் ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழித்தோம். பிறகு குப்பைத் தொட்டி ஃபோல்டரையும் காலி செய்தோம். அவளுடைய குழந்தையின் படங்கள் நடுநடுவே இருந்ததால் மொத்தமாக அழிக்க முடியவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது.

அப்புறம் பாஸ்வேர்டு. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் மானிட்டரில் ஒட்டி வைத்தது. யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு வேண்டும், யார் பார்த்தார்கள் என்ற பதிவு வேண்டும், அந்தப் பதிவை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்கின்றன விதிகள். ஆளுக்கொரு லாகின் கொடுத்தபோது, அப்பா காலத்திலிருந்து இருக்கும் டெக்னீஷியன் அண்ணனுக்கு மனத்தாங்கல். "என்ன பாப்பா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். "அண்ணே, நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தா நீங்க செய்யலன்னு காட்டறதுக்கும் இதுதாண்ணே சாட்சி" என்று சொல்லிப் புரிய வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவரே வந்து பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது என்று கேட்டார்.

எதற்காக என்ன விவரம் வாங்குகிறோம் என்று சொல்லும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய தமிழ் வடிவத்தை ஊழியர்களாலேயே வாசிக்க முடியவில்லை. நாங்களே எழுதினோம்: "உங்கள் பெயர், வயது, போன் எண்ணை வாங்குவது ரத்த மாதிரி மாறிப் போகாமல் இருக்கவும், ரிப்போர்ட்டை உங்களிடம் சேர்க்கவும். எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் கேட்போம்." சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறலாம், யாரிடம் புகார் சொல்லலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு ரிசப்ஷனில் வாசித்துக் காட்டுகிறார்கள்.

சலுகை மெசேஜுக்குத் தனியாகச் சம்மதம் கேட்டதும் அந்தப் பட்டியல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மற்றவர்களுக்கு இத்தனை நாள் தொந்தரவு கொடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

வியாபாரத்தில் அடியும் விழுந்தது. ஒரு கம்பெனிக்கு வருடா வருடம் ஊழியர்களின் உடல் பரிசோதனையைச் செய்து, எல்லோருடைய முடிவையும் ஒரே ஷீட்டில் எச்.ஆருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். இனி அவரவர் ரிப்போர்ட் அவரவர் கைக்கு, கம்பெனிக்கு வேண்டுமென்றால் ஊழியரின் சம்மதத்தோடு என்றேன். வேறு லேபுக்குப் போய்விட்டார்கள். நல்ல தொகை, வருத்தம்தான். ஆனால் சில மாதங்கள் கழித்து இன்னொரு நிறுவனம் நான்கு பக்கக் கேள்வித்தாள் அனுப்பியது. விவரத்தை எங்கே வைக்கிறீர்கள், எப்போது அழிக்கிறீர்கள், கசிந்தால் என்ன செய்வீர்கள் என்று. எல்லாவற்றுக்கும் எங்களிடம் எழுத்தில் பதில் இருந்தது. ஒப்பந்தம் கிடைத்தது.

கசிந்தால் செய்ய வேண்டியதை ஒரே பக்கத்தில் எழுதி ரிசப்ஷன் அலமாரியின் உள்கதவில் ஒட்டியிருக்கிறோம். பாதிக்கப்பட்டவர்களுக்கும், இந்தச் சட்டத்துக்காக மத்திய அரசு அமைக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும், வாரியத்துக்கு முழு விவரம் 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் கசியவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. அது உச்சவரம்பு, தவறின் தன்மையையும் தீவிரத்தையும் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள். சாஃப்ட்வேர் கம்பெனியின் பக்கம் கசிந்தாலும் பொறுப்பு நம்முடையதுதான் என்பதைச் சிறு தொழில் செய்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தகவல் எந்த சர்வரில் இருக்கிறது என்று பழைய கம்பெனி கடைசி வரை சொல்லவில்லை. மாற்றிவிட்டோம்.

காகிதமாகவே இருக்கும் விவரத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதைக் கணினியில் ஏற்றினால்தான் பொருந்தும். ஆனாலும் பழைய ரிப்போர்ட்டுகளை எடைக்குப் போடுவதை நிறுத்திவிட்டு, துண்டாக்கும் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறோம்.

இரண்டாவது கிளையின் மாடியில் பழைய சிபியூ இரண்டு தூசி படிந்து கிடக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை டெக்னீஷியன் அண்ணனும் நானும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் பார்க்கப் போகிறோம்.