உலைக்கு முன்னால் உள்ள வேலை

இலங்கையின் வடக்கே, வன்னியில் உருக்காலை எதுவும் இல்லை. ஆனால் தெற்கில் உள்ள உலைகளில் உருகிக் கட்டடக் கம்பியாகத் திரும்பி வரும் இரும்பில் ஒரு பங்கு, கிளிநொச்சியிலும் விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் பொறுக்கப்பட்டு ஏ9 வீதியால் லொறியில் போனதுதான். நான் முதலில் ஓர் உருக்காலையின் உலைப் பகுதியில் வேலை செய்து, பின்னர் ஊருக்குத் திரும்பிக் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பழைய இரும்பு முற்றத்தில் மேற்பார்வையாளனாக இருந்தவன். இரண்டு இடத்து வேலையையும் அறிந்தவன் என்ற வகையில் உறுதியாகச் சொல்வேன்: உலையடியில் நிற்பவரின் உயிர், முற்றத்தில் குந்தியிருந்து இரும்பைத் தரம் பிரிப்பவரின் கையில் இருக்கிறது. அவரையோ உருக்குத் தொழிலாளி என்று எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

உருகிய உருக்கின் வெப்பம் ஏறத்தாழ 1600 பாகை செல்சியஸ். நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 1700 மடங்காகிறது. ஆகவே இரு முனையும் நசுங்கிய ஒரு குழாய்க்குள் தேங்கிய சிறிதளவு மழைநீர், உருகிய உலோகத்துக்குள் அமிழ்ந்தால், உலையில் உள்ளதை மேலே நிற்பவர்கள் மீது வாரி இறைக்கப் போதும். மூடிய எரிவாயு சிலிண்டரும், வாகனங்களின் அதிர்வு தாங்கியும் அதே வேலையைச் செய்யக்கூடியவை. எங்கள் முற்றங்களோ திறந்த வெளிகள். மாரி தொடங்கினால் மாதக்கணக்கில் இரும்பு நனைந்தபடியே கிடக்கும். இதற்கு மேல் வன்னிக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. 2009இல் போர் முடிந்த பின்னர் இங்கு சேர்ந்த பழைய இரும்பில் வெடிக்காத எறிகணைகளும் அவற்றின் பாகங்களும் கலந்திருந்தன. கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் இத்தனை ஆண்டுகள் உழைத்த பின்னரும், மண்ணைக் கிளறும் இடங்களில் அவை வெளிப்படுகின்றன.

எங்கள் முற்றத்தில் இரும்பு பிரித்த மூத்தவர் ஒருவரின் வேலையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒவ்வொரு குழாயையும் எடுத்து, ஒரு கண்ணை மூடி, வானத்தை நோக்கிப் பிடிப்பார். மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தால் இடப்பக்கக் குவியலில் போடுவார்; தெரியாவிட்டால் வலப்பக்கத்தில் மெதுவாக வைப்பார். புதிதாக வந்த பொடியன் ஒருவன் சுத்தியலை ஓங்கியபோது, "தம்பி, அங்கால வெளிச்சம் தெரியாட்டி அடிக்காத, வெட்டாத. தள்ளி வை" என்றார். துருவேறி மண் அப்பிய உருளை எது கண்ணில் பட்டாலும் அதைத் தொடமாட்டார். எல்லோரையும் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, பொலிசுக்கு அறிவிக்கும்படி என்னிடம் சொல்வார்.

இந்த ஒழுங்கை எல்லோரும் கடைப்பிடிக்க முடியாமல் போனதற்குக் காரணம் அறியாமை அன்று. அவர்களுக்குக் கூலி கிலோக் கணக்கில் கொடுக்கப்பட்டது. பொலிசார் வந்து, பின்னர் படையினர் வந்து பொருளை அகற்றும் வரை முற்றம் மூடிக்கிடக்கும். அன்றைய கூலி போய்விடும். வீட்டில் அடுப்பெரிய வேண்டிய ஒருவர், சந்தேகமான பொருளைச் சத்தமில்லாமல் வேலிக்கு அப்பால் போட்டுவிட்டு வேலையைத் தொடர்வதில் வியப்பில்லை. எச்சரிக்கைப் பலகை வைத்தோம், படம் காட்டி விளக்கினோம், ஒன்றும் பெரிதாக மாறவில்லை. பிரிக்கும் வேலைக்கு மட்டும் நாட்கூலி என்றும், வேலை நின்ற நாளிலும் அது உண்டு என்றும் முதலாளியை இணங்கவைத்த பின்னர்தான், தாங்களாகவே வந்து "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். என் அனுபவத்தில் எந்தத் தலைக்கவசமும் இந்தக் கூலி மாற்றத்தின் அளவுக்கு ஆட்களைக் காப்பாற்றியதில்லை.

நோய் விபத்தைப் போலச் சத்தம் போட்டு வருவதில்லை. நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டை எரிவாயுச் சுடரால் வெட்டினால் எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல் உளைச்சலும் வரும். ஓரிரு நாளில் விட்டுவிடும். மலேரியாவுக்குப் பழகிய ஊர் என்பதால் எவரும் அதைப் புகையோடு தொடர்புபடுத்தவில்லை. பால் குடித்தால் புகை முறியும் என்ற நம்பிக்கை வேறு. பால் நல்ல உணவு. நுரையீரலுக்குள் போன புகையை அது எதுவும் செய்யாது. ஒட்டுவேலைப் (வெல்டிங்) புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2017இல் வகைப்படுத்தியது. முகத்தில் கட்டும் லேஞ்சி அதைத் தடுக்காது.

இரும்பு, உருக்குத் தொழிலுக்கெனச் சர்வதேசத் தொழில் அமைப்பு 2005இல் வெளியிட்ட நடைமுறைக் கோவை, முதலில் ஆபத்தை நீக்கு, முடியாவிட்டால் அது பிறக்கும் இடத்திலேயே கட்டுப்படுத்து, எஞ்சியதற்கு மட்டும் கவசத்தை நம்பு என்ற வரிசையை வைக்கிறது. கையுறை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் முதலாளிமார் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். நாங்கள் தகட்டைச் சுடரால் வெட்டுவதை விட்டு, நெம்புகோல் வெட்டியால் குளிர்ந்த நிலையிலேயே வெட்டினோம். வேலை மெதுவானது, இரவுக் காய்ச்சல் நின்றது.

காயப்பட்டவருக்கு நட்டஈடு தரும் சட்டம் இந்நாட்டில் 1934 முதல் இருக்கிறது. ஆனால் நாட்கூலிக்கு வருபவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாவிட்டால், அவர் அங்கே வேலை செய்தார் என்பதையே நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். ஒரு கொப்பியில் பெயரும் திகதியும் எழுதி ஒப்பம் வாங்குவதற்குச் செலவு ஏதுமில்லை.

இவை எல்லாவற்றையும் செய்த முற்றத்துக்கும் எதையும் செய்யாத முற்றத்துக்கும் கொள்வனவாளர்கள் ஒரே விலைதான் கொடுத்தார்கள். பிரித்து, உலர்த்தி, குழாய்களைப் பிளந்து அனுப்பிய இரும்புக்குக் கிலோவுக்குச் சில ரூபாயாவது கூட்டித் தரும்படி கேட்டபோது, நிறையில் வித்தியாசம் இல்லையே என்றார்கள். தங்கள் உலையடியில் நிற்பவர்களுக்குத் தீக்காப்பு உடை வாங்கிக் கொடுக்கும் ஆலைகள், அந்தச் செலவின் ஒரு பகுதியை இந்த விலையில் சேர்க்காத வரை, நாட்கூலியின் சுமையைச் சிறிய முற்றங்கள் தனித்து நெடுநாள் தாங்கமாட்டா.