ஷாஃப்ட் ஆறும் வரை

அக்கரைப்பற்றில் ஒரு வேலைத்தலத்தில் சி.என்.சி. லேத் (கொம்பியூட்டர் எண்களால் இயங்கும் கடைசல் மெசின்) இயக்குகிறேன் என்றால், பொத்தானை அழுத்திவிட்டுக் கதிரையில் இருக்கிற வேலைதானே என்று ஊரில் பலரும் நினைக்கிறார்கள். பொத்தானை அழுத்துவது உண்மைதான். அதற்கு முன்னர் புரோகிராமின் ஒவ்வோர் எண்ணையும் விரல் வைத்து வாசிக்க வேண்டும். எங்கள் மெசினில் 50 என்று எழுதிப் புள்ளியை விட்டுவிட்டால், அது 50 மில்லிமீட்டர் அல்ல, 50 மைக்ரோன்; ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. (காசோலையைக்கூட நான் இவ்வளவு கவனமாக வாசித்ததில்லை.)

புள்ளிப் பிழையையாவது வெட்டாமல் ஓடவிட்டுப் பார்க்கும்போதே பிடித்துவிடலாம். சூட்டினால் வரும் பிழை அப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்காது.

பெரும்போக வேளாண்மை வெட்டுக் காலத்தில், சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து தேய்ந்த ஷாஃப்டுகள், அதாவது மெசின்களின் சுழல் தண்டுகள், எங்களிடம் வரும். அப்படி வந்த ஒன்றுக்குப் பதிலாகப் புதியது வெட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஏற வேண்டியது 6208 பெயரிங்; உள்விட்டம் 40 மில்லிமீட்டர். ஷாஃப்ட் அதைவிட 2 முதல் 18 மைக்ரோன் வரை பருத்திருந்தால்தான் பெயரிங் இறுகப் பிடிக்கும். அன்று, வெட்டும்போது சூட்டைத் தணிக்கிற கூலண்ட் திரவம் வரும் குழாய் அடைத்திருந்தது. ஆலைக்காரர் வாசலில் நின்றார். நானும் அவசரத்தில் கூலண்ட் இல்லாமலே வெட்டி, கை வைக்க முடியாத சூட்டில் மைக்ரோமீட்டரைப் பிடித்தேன். 40.010 காட்டியது. திருப்தியோடு கொடுத்தனுப்பினேன். 40 மில்லிமீட்டர் இரும்பு 30 பாகை ஆறினால் ஏறத்தாழ 14 மைக்ரோன் சுருங்கும் என்பதைப் படித்திருந்தும், அந்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை.

பத்து நாளில் அவர் திரும்பி வந்தார். பெயரிங் இருந்த இடத்தில் செங்கபில நிறத் துருப்பொடி படிந்து, அதன் கீழே இரும்பு கண்ணாடிபோல் மினுங்கியது. பெயரிங்கின் உள்வளையம் ஷாஃப்டின் மேல் வழுகிச் சுற்றியதற்கான அடையாளம் அது.

"தம்பி, கொம்பியூட்டர் மெசினில வெட்டினா பிழை வராது எண்டுதானே இஞ்ச கொண்டு வந்தன்?"

மெசின் பிழை செய்யவில்லை. நான் கொடுத்த எண்ணுக்குத்தான் அது வெட்டியது. புதிய ஷாஃப்டை என் செலவில் செய்து கொடுத்தேன். இம்முறை கடைசி வெட்டுக்கு 0.2 மில்லிமீட்டர் விட்டுவைத்து, மெசினை நிறுத்திவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போனேன். ஆறிய பிறகு அளந்து, கூடுதலாக இருந்ததை ஒஃப்செட்டில் (மெசினுக்குக் கொடுக்கும் திருத்த அளவில்) கழித்துவிட்டுக் கடைசியாக வெட்டலாம் என்பது எண்ணம். இடையில் வந்து எட்டிப் பார்த்தவர், வேலை கிடக்கத் தேநீரா என்பதுபோல் முறைத்தார்.

"ஷாஃப்ட் ஆறுது காக்கா" என்றேன். அவரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.