கவுன்டரில் ஒரு ‘தாத்தா’

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அரசு மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். கவுன்டரில் நாள் முழுக்கக் காதில் விழும் சொல் ‘தாத்தா’. மருந்துப் பையை நீட்டும்போது சுலு மொழி பேசும் உதவியாளர்கள் சொல்வது. ‘எடுத்துக்கொள்’ என்று பொருள். பலரிடம் சொன்னால் வாலில் ஒரு ‘னி’ சேர்ந்து ‘தாத்தானி’ ஆகும். கைக்குழந்தையோடு நிற்கும் தாயிடம் ஓர் இளம்பெண் ‘தாத்தா’ என்றால், திருநெல்வேலியிலிருந்து வந்தவளுக்குச் சிரிப்பு வராமல் இருக்குமா?

ஒலி அச்சாக ஒன்றல்ல. சுலுவின் ‘த’ மூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். நம் ‘ட’வுக்குச் சற்றுப் பக்கம். ஆனால் இந்தியர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளில் பேரப்பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் ‘தாத்தா’ என்று எழுதும்போது இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இராது. இங்கே பல குடும்பங்களில் பேச்சு ஆங்கிலமாகிவிட்டது. முறைப்பெயரும் சாப்பாட்டுப் பெயரும்தான் தமிழில் மிச்சம்.

சர்க்கரை மாத்திரைக்கு மாதாமாதம் ஒரு பெரியவர் வருவார். கரும்பு ஆலையில் இருந்தவர், சுலு தண்ணீர்பட்ட பாடு. தெரிந்துகொண்டே, உதவியாளர் ‘தாத்தா’ என்றதும் வரிசையைத் திரும்பிப் பார்த்து, “பாத்தீங்களா, முறை சொல்லிக் கூப்பிடுது பிள்ளை” என்பார். (முறை சொல்வதென்றால் அவர்கள் ‘பாபா’ என்பார்கள், தாத்தா வயதென்றால் ‘ம்குலு’.) விளையாட்டு அதோடு நிற்காது. சுலுவே தமிழிலிருந்து பிறந்தது என்று ஆரம்பித்துவிடுவார். வரிசையில் நாலு பேர் தலையாட்டுவார்கள்.

எனக்கு இது ஒப்பாது. தமிழின் பெருமைக்கு இந்த முட்டு தேவையில்லை. “அங்கிள், இங்கேயே பேசும் கோசா மொழியிலும் இதே சொல், இதே பொருள். சுலுவும் கோசாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அது அவங்க வீட்டுச் சொத்து” என்பேன். ஒலி தற்செயலாகவும் ஒத்துப்போகும். ஆஸ்திரேலியாவின் ம்பபரம் மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலேயரிடம் வாங்கியதல்ல. பக்கத்து யிடிஞ் மொழியில் ‘குடகா’ என்றிருக்கும் சொல் அங்கே தலையும் வாலும் தேய்ந்து அப்படி நின்றது. டிக்ஸன் என்ற மொழியியலாளர் எழுதிவைத்த கதை இது. இரு மொழிக்கு உறவு உண்டென்று காட்ட ஒரு சொல் போதாது. இங்கே ‘த’ என்றால் அங்கே இன்ன ஒலி என்று சொல்லுக்குச் சொல் ஒழுங்காகப் பொருந்தி வரவேண்டும்.

கடன் வாங்கிய சொல் பெரும்பாலும் பொருளோடு வரும். நாங்கள் சேப்பங்கிழங்கை ‘மடும்பி’ என்கிறோமே, அது சுலுவின் ‘அமடும்பே’. அந்தக் கிழங்கின் பெயராகவே அது நம் வாய்க்கு வந்தது. ‘தாத்தா’வில் அப்படிக் கைமாறியது எதுவும் இல்லை.

‘மாமா’ கதை வேறு. சுலுவில் அது அம்மா. வயதான பெண்களை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். ஜார்ஜிய மொழியில் அதே ‘மாமா’ அப்பா. நமக்கோ அம்மாவின் அண்ணன் அல்லது தம்பி. குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் ம, ப, த. அந்த மழலையைப் பெரியவர்கள் பிடித்து யாராவது ஓர் உறவின் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்பது ரோமன் யாகப்சன் 1960 வாக்கில் சொன்ன விளக்கம். நம் ‘தாத்தா’வையும் நான் அந்தக் கணக்கில்தான் வைப்பேன். கோசாவில் மூச்சில்லாத ‘டாடா’ என்றால் அப்பா. மண்டேலாவை நாடே ‘டாடா’ என்றது. மூச்சை விட்டுச் சொன்னால் ‘எடு’. புதிதாக வருபவர்களிடம் முதலில் இந்த வித்தியாசத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உதவியாளர் ஒருநாள், “சரி, நீங்கள் எடுக்கச் சொல்ல என்ன சொல்வீர்கள்?” என்றாள்.

“எடு.”

“எங்களுக்கு ‘எடுஸே’ என்றால் பக்கத்தில்!” என்று கைதட்டினாள்.

அங்கிளிடம் சொல்லிவிடாதே என்றேன். அடுத்த மாதம் அவர் வரிசைக்கே விளக்கிக்கொண்டிருந்தார்: கையால் எடுக்கவேண்டுமானால் பொருள் பக்கத்தில்தானே இருக்கணும்?