60 ரூபாய் சான்று

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் இ-சேவை மையத்தில் உட்கார இடம் இருக்காது. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று வருவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே சாதிச் சான்று. ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். பழைய தென்னார்க்காட்டில் ஒரு சின்ன ஊர் இது. பெயர் வேண்டாம், நாளைக்கும் தாலுகா ஆபீஸில் போய் நிற்க வேண்டியவன் நான்.

வரிசையில் நிற்கும்போதே பேச்சு ஓடும். "எல்லாம் அவங்களுக்கே போயிடுது" என்பார் ஒருவர். சொல்லி முடித்துவிட்டு மகனின் டி.சி.யையும் தன்னுடைய பழைய சாதிச் சான்றையும் நீட்டுவார். தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுக் கணக்கு 69 விழுக்காடு. பிற்படுத்தப்பட்டோரான பி.சி.க்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோரான எம்.பி.சி.யும் சீர்மரபினரும் சேர்ந்து 20, எஸ்.சி. 18, பழங்குடியினரான எஸ்.டி.க்கு 1. பி.சி.க்குள்ளேயே முஸ்லிம்களுக்கு 3.5, எஸ்.சி.க்குள் அருந்ததியருக்கு 3. என் கடைக்கு வருகிறவர்களில் இதில் ஏதோ ஒரு பத்திக்குள் வராதவர்கள் அபூர்வம். திட்டுகிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வன்னியன். டிப்ளமோ சேர்ந்தது எம்.பி.சி. இடத்தில். அந்த 20 விழுக்காடு சும்மா வரவில்லை. 1987 செப்டம்பரில் ஒரு வாரம், தனி ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் எங்கள் பக்கத்து ரோடுகளில் எல்லாம் புளியமரத்தை வெட்டிப் போட்டுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 21 பேர் செத்தார்கள். என் மாமா ஒருவர் அந்த வாரத்தில் உள்ளே போனவர். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அந்தக் கதையைத்தான் முதலில் ஆரம்பிப்பார். 1989-இல் கருணாநிதி ஆட்சி, பி.சி.யின் 50-ஐ 30, 20 என்று பிரித்தது. ஆனால் அந்த 20-க்குள் நாங்கள் மட்டும் இல்லை, நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகள் உண்டு. மாமா கதையில் அந்தப் பகுதி வராது.

அப்புறம் 10.5. 2021 பிப்ரவரி 26, தேர்தல் தேதி அறிவித்த அதே நாள், அறிவிப்புக்குச் சற்று முன்னால் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். வன்னியருக்கு 10.5, சீர்மரபினரும் வேறு சிலரும் சேர்ந்த 93 சாதிகளுக்கு 7, மிச்சமிருந்த 22 சாதிகளுக்கு 2.5. ஊரில் வெடி போட்டார்கள். வெடிச் சத்தம் அடங்குவதற்குள் வண்ணார் வீட்டுப் பையன் ஒருவன் கடைக்கு வந்து, "அண்ணே, எங்களுக்கு இப்ப எவ்வளவு?" என்று கேட்டான். என்னத்தைச் சொல்வது? நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சட்டத்தை ரத்து செய்தது, 2022 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உள்ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் பழைய கணக்கை வைத்துக்கொண்டு இந்தப் பிரிவைத் தனியாகப் பிரித்தது செல்லாது என்றார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மாமா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போது நாடு முழுக்கச் சாதிவாரியாக எண்ணப் போகிறார்களாம், 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. முழுச் சாதிக் கணக்கு கடைசியாக வெளிவந்தது 1931-இல், வெள்ளைக்காரன் காலத்தில். எண்ணட்டும், நல்லதுதான். ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விழுக்காடு கையில் வந்த பிறகும் சீட்டு கை நழுவுகிற இடம் ஒன்று இருக்கிறது. நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மத்திய அரசு இடங்களுக்குக் கேட்கிற ஓ.பி.சி. சான்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்டல் வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் 27 விழுக்காட்டை ஏற்றுக்கொண்டு, கிரீமி லேயரை, அதாவது பிற்படுத்தப்பட்டோரிலேயே வசதியானவர்களை, கழித்துவிடச் சொன்னது. தமிழ்நாடு தன் 69-ஐ 1994-இல், கோர்ட்டு எளிதில் கைவைக்க முடியாதபடி, அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் போட்டுக் காப்பாற்றிக்கொண்டது, இங்கே கிரீமி லேயர் கிடையாது. ஆகவே ஒரே பையன், அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்குக்குப் போனால் பி.சி. சான்று போதும். ஜிப்மருக்கோ ஐ.ஐ.டி.க்கோ போனால் கிரீமி லேயர் இல்லை என்று தனியாகச் சான்று வேண்டும், அதையும் புதிதாக வாங்க வேண்டும். பெற்றோர் வருமான வரம்பு வருடத்துக்கு 8 லட்சம். அந்த 8 லட்சத்தில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது என்பது 1993-லிருந்தே விதி. அப்பா அரசாங்கத்தில் குரூப் சி வேலையில் இருந்தால் சம்பளம் எவ்வளவு என்பதே பேச்சில்லை. ஆனால் "சம்பளம் 9 லட்சம் தாண்டுது, உங்களுக்குக் கிடைக்காது" என்று கவுண்டரில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவரும் அதை நம்பிப் பொதுப் பிரிவில் விண்ணப்பம் போட்டுவிடுகிறார். இதற்காகவே அந்த ஆணையை பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்கு இலவசம்.

இதுவாவது போய் வாதாடலாம். எஸ்.டி. சான்றுக்கு அதுவும் நடக்காது.

சவுக்குத் தோப்பில் வேலை செய்யும் இருளர் பழங்குடிக் குடும்பம் ஒன்று. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள், நர்சிங் சேர ஆசை. பெற்றோர் யாரிடமும் சாதிச் சான்று இல்லை. டி.சி.யில் சாதிப் பத்தி காலி. எம்.பி.சி. என்றால் துணை வட்டாட்சியர் மட்டத்திலேயே முடிந்துவிடும். எஸ்.டி. என்றால் 1989 நவம்பரிலிருந்து ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரித்துத்தான் தர வேண்டும். போலிச் சான்றைத் தடுக்க வந்த ஏற்பாடு, தேவையானதும்தான். ஆனால் போலி வாங்குகிறவனுக்கு வழி தெரியும், மாட்டிக்கொள்வது இவர்கள்.

விசாரணைக்கு அப்பாவையும் மகளையும் கூப்பிட்டார்கள். எலி பிடிப்பீர்களா, பாம்பு பிடிப்பீர்களா என்று கேள்வி. அப்பா, பிடிப்போம் என்றார். உனக்குத் தெரியுமா என்று மகளையும் கேட்டார்களாம். தெரியாது என்று அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டது. வெளியே வந்ததும் அவருக்குக் கோபம். "தெரியும்னு சொல்லித் தொலைச்சா என்ன" என்று என் கடையில் வைத்துத் திட்டினார். பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் படித்த பிள்ளை, நர்ஸ் ஆவதற்குப் பாம்பு பிடித்துக் காட்ட வேண்டுமா? அவள் ஒன்றும் பேசவில்லை. விண்ணப்ப எண்ணைப் போட்டு ஸ்டேட்டஸ் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். "பெண்டிங்".

சான்று வந்தபோது நர்சிங் சேர்க்கை முடிந்திருந்தது. அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். எஸ்.டி. இடம் நிரம்பவில்லை, ஆளே வருவதில்லை என்று யாராவது கடையில் ஆரம்பித்தால் நான் வேலையை நிறுத்திவிட்டுச் சண்டைக்குப் போகிறேன். வியாபாரத்துக்கு நல்லதில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அவள் தம்பி இப்போது ஒன்பதாவது. அவனுக்கு இப்போதே போட்டுவிட்டோம், அக்காவின் சான்றையும் இணைத்து. உடன்பிறந்தவளுக்கே கொடுத்த பிறகு மறுபடி எதற்கு நேரடி விசாரணை என்று ஒரு மனுவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோப்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கிறது. பிளஸ் டூவுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.